நெகிழிப் பையும் சைவர் கடனும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்குச் செல்லும் பெருவழி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அளவிற்று. வழிநெடுக மேற்கே மலைத்தொடர் உடன்வரும். இவ்வழியின் ஒருதலையில் இராஜபாளையத்து மாயூரநாதர் திருக்கோயிலும், மறுதலையில் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சார்ந்த மடவார்வளாகத்து வைத்தியநாதர் திருக்கோயிலும் விளங்குகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் திருக்கோயிற் கோபுரமே பலர்க்கும் நினைவில் எழும்; சைவ அன்பர்க்கோ மடவார்வளாகமும் உடன் எழும். திருமலை நாயக்கர் தம் வயிற்றுநோய் நீங்கப்பெற்றது அத்திருமுன்னர் என்பது வழிவழி வரும் வழக்கு. அதனை விரித்தல் ஈண்டு வேண்டுவதன்று. வயிற்றுநோய் என்னும் அச்சொல் ஒன்று மாத்திரம் நினைவில் நிற்பதாக.

பிரதோஷ நாளின் மாலையில் இவ்வூர்களில் வழிபாட்டிற்குச் செல்லும் அன்பர் ஒருவர், வீட்டினின்றும் வெறுங்கையராய்ப் புறப்படுகின்றார் எனக் கொள்க. வில்வம் ஒரு பையில் வருகின்றது. அறுகம்புல் மாலை ஒரு பையில். தொடுத்த பூ ஒரு பையில். தேங்காயும் பழமும் மற்றொரு பையில். திருமுழுக்கிற்கு வாங்கிய பாலும் நெகிழி உறையிலேயே வருகின்றது. பிளாஸ்டிக் என்று எல்லாரும் வழங்கும் அந்நெகிழிப் பைகள் திருக்கோயில் வாயிலில் வறிதாகின்றன. மீளும் வழியில் காய்கறி வாங்குகின்றார். மேலும் மூன்று நான்கு பைகள் சேர்கின்றன. மறுநாட் காலையில் கத்தரிக்காய்க் காம்பும் வாழைப்பழத்தோலும் அப்பைகளுள் ஒன்றிலே பெய்யப்பட்டு, வாய் முடிச்சிடப்பட்டுத் தெருவோரம் எறியப்படுகின்றன. முதனாள் மாலையில் திருநந்திதேவரின் திருமேனிமேற் பால் சொரியக்கண்டு கைகூப்பியவரே மறுநாள் அம்முடிச்சை இடுகின்றார். பசுவிற்கு முடிச்சை அவிழ்க்கும் கையில்லை. உள்ளே தோலின் மணம் இருக்கின்றது. ஆகவே பையோடு விழுங்குகின்றது.

விழுங்கியபின் நிகழ்வதனை அறிதல் வேண்டும். பசு தான் கொண்ட இரையை முதலில் மெல்லாது பெருவயிற்றிற் செலுத்திப் பின்னர் மீட்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும் இயல்பிற்று. நெகிழி அங்ஙனம் மீளாது, செரியாது, அடுத்த வயிற்றறைக்குச் செல்லும் குறுகிய வழியினும் பெரும்பாலும் புகாது. ஒன்றோடொன்று பின்னி, கயிறும் ஊசியும் காசும் உடன் திரண்டு, பெருவயிற்றிலேயே தங்கிப் பாறைபோல் இறுகும். அசைபோடுதல் குறையும், வயிறு உப்பும், பால் வற்றும், வயிறு நிறைந்திருக்கவே உடல் பட்டினியால் மெலியும். திருமுல்லைவாயிற் பசு ஒன்று 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொணரப்பட்டது. அஃது அண்மையில் ஈன்றது. நோவு பொறாது தன் பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டு நின்றது. மருத்துவர்கள் 5 மணி நேரத்திற்கு மேல் அறுவை செய்து அதன் வயிற்றினின்றும் எடுத்த நெகிழி 52 கிலோ. திருமுல்லைவாயில் தேவாரம் பெற்ற திருத்தலம் என்பதைச் சைவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி வினா யாதெனின், அப்பசுவின் நோய் எவர் வினை என்பதே. பையை ஆக்கினவன் வினையோ, விற்றவன் வினையோ, வாங்கினவன் வினையோ, எறிந்தவன் வினையோ, வாராது விட்ட நகராட்சியின் வினையோ? ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுதற்கு இடமுண்டு. வாங்கினவர், "கடைக்காரர் கொடுத்தார்" என்பர். கடைக்காரர், "வாங்க வருவோர் கேட்கின்றனர்" என்பர். இவ்வாறு வினை ஒருவரிடமும் நில்லாது சுற்றிச் சுற்றி வர, பசு ஒன்றே அதன் பயனை நுகர்ந்து நிற்கின்றது.

இத்தகைய வினாவிற்கு விடை காண்பதில் உலகோர் பிறரினும் சைவர் ஒருபடி முன்னரே நிற்கின்றனர். என்னை? புலால் மறுத்தலைச் சைவர் தம் ஒழுக்கத்தின் அடிப்படையாகக் கொண்டிருப்பது அவ்வினாவிற்குரிய விடையை முன்னரே ஏற்றுக்கொண்டமையால் அன்றோ? தான் கொல்லவில்லை, கடையிலே விலைக்கு வாங்கினேன் என்பவனுக்குத் திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்தில் இடங்கொடுத்தாரில்லை. வாங்குவோன் இன்மையே விற்போன் இன்மைக்குக் காரணம் என்பது அவர் துணிபு. ஆறுமுக நாவலர் முதலாய சைவப் பெரியார் தம் வினாவிடைகளிலும் சொற்பொழிவுகளிலும் இதனையே சிறுவர்க்கும் விளங்க வற்புறுத்தினர். கத்தியைத் தொடாத கையும் காசு கொடுத்தமையாற் கொலைக்கு உடம்பட்டதாகும் என்று ஊனிடத்தே ஒப்புக்கொண்ட சைவர், பையினிடத்தே, "யான் பசுவின் வாயில் ஊட்டவில்லையே" என்பது எங்ஙனம் அமையும்?

அற்றன்று, ஊன் கொலையின்றி வாராது; பையோ பசுவின் வாய்ப்படாமலும் இருத்தல் கூடும்; ஆதலின் இரண்டும் ஒப்பாகா எனின், அது மெய்யே. நெகிழிப் பை வாங்குவோனைக் கொலைஞன் என்றல் மிகையாம். மிகைபடக் கூறுதலும் ஒரு குற்றமே. ஆயினும் இன்றியமையாத் தொடர்பு இல்லையென்பது கொண்டு தொடர்பே இல்லையென்றல் பொருந்தாது. தெருவோரத்துப் பையைப் பசு தின்னும் என்பது இன்று எவரும் காணும் நிகழ்ச்சி. நாடோறும் நிகழ்வதை நிகழாதென்று வைத்துக்கொண்டு கைநீட்டுதல், அறியாமை அன்று, அறியாமையைப் போர்த்துக்கொள்ளுதல்.

அறிந்து செய்தல், அறியாது செய்தல் என்னும் வேறுபாட்டிலே சைவ நூல்கள் காட்டும் நுட்பம் பெரிது. திருவாரூரில் மனுநீதிச் சோழர் மைந்தன் தேரூர்ந்து சென்றபோது கன்று சக்கரத்தின்கீழ்ப் பாய்ந்து மடிந்தது. அவன் கொல்ல எண்ணினானல்லன். கன்று வந்ததைக் கண்டானுமல்லன். அமைச்சர் கழுவாய் செய்து முடிக்கலாம் என்றனர், வேந்தர் உடன்பட்டிலர், கன்றிழந்த பசுவின் துயரைத் தாமும் எய்துதலே முறையென்று கொண்டனர். சேக்கிழார் பெருமான் இதனை நூலின் தொடக்கத்திலேயே, அடியார் வரலாறுகளுக்கு முன்னர், திருநகரச் சிறப்பினுள் வைத்தருளினார். அவ்விளவரசனுக்குக் கன்று வருதலை அறியாமை மெய்யாகவே இருந்தது. இன்றையோர்க்கு அவ்வறியாமையும் இல்லை. தேர்க்காலும் ஒன்றன்று; வீட்டுக்கு வீடு உருள்கின்றது.

"ஆயிரம் பைகளுள் என் பை ஒன்று, அதனைக் குறைப்பதால் ஆவதென்?" என்பது பின்னர் எழும் தடை. இதுவே மிகப் பலரையும் அமைதியாகத் துயிலச் செய்வது. உயிர்கள் பல, அவற்றின் வினைகளும் தனித்தனி, ஒருவர் வினையைப் பலர் பங்கிட்டுத் தேய்த்தல் இயலாது என்பது சித்தாந்தம். ஆயிரவர் சேர்ந்து ஒன்று செய்தால் ஒவ்வொருவர்க்கும் ஆயிரத்திலொரு கூறு வினையென்று கணக்கிடுதல் வாணிகர் கணக்கேயன்றி வினைக்கணக்கன்று. மனம் மொழி மெய் என்னும் மூன்றுள் கை நீட்டியது மெய்; "போதும், பையிலே இடுங்கள்" என்றது மொழி; பின்விளைவை எண்ணாதிருக்க உடன்பட்டது மனம். மூன்றும் ஒருவருடையனவே. ஆகவே ஆகாமியமும் அவர்க்கே உரியது. இருளாவது தான் இருத்தலைக் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்று சித்தாந்த நூல்கள் வேறுபாடு கூறும். எளிமை என்றும் வசதி என்றும் பெயர் பூண்டு வரும் மயக்கமும் அத்தன்மைத்தே. அது தன்னை ஒரு குற்றமாகக் காட்டுவதில்லை.

அரசு தடைசெய்துவிட்டால் இவ்வாராய்ச்சியே வேண்டாவன்றோ எனின், அரசு தடைசெய்தும் உளது. தமிழ்நாட்டரசு 2018-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, 2019 ஜனவரி முதல் நாள்தொட்டு ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்கள் விலக்கப்பட்டன. 2021 டிசம்பர் 23-ஆம் நாள் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூலை முதல் நாளில் நடுவணரசின் தடையும் சில பொருள்கட்கு நடப்புக்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியினின்று 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளும் நாடெங்கும் விலக்கப்பட்டன. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. தடை வந்த முதற் சில திங்கள் கடைகளில் வாழையிலையும் காகிதமும் துணிப்பையும் தோன்றின. பின்னர்ப் பலவிடத்தும் பழைய பைகளே கல்லாவின் அடியினின்றும் ஒவ்வொன்றாய் வெளிப்போந்தன. இஃது இந்நாட்டிற்கே உரிய இழுக்கும் அன்று. வங்காளதேசம் வடிகால்களை நெகிழி அடைத்து வெள்ளத்தை மிகுவித்தமை கண்டு 2002-ஆம் ஆண்டிலேயே, உலகில் எந்நாட்டிற்கும் முன்னர், மெல்லிய பைகளைத் தடுத்தது. அத்தடையை 2024-ஆம் ஆண்டில் மீண்டும் வலியுறுத்த வேண்டியதாயிற்று. சட்டம் கடையின் வாயிலை அடைக்கும். வாங்குவோனது நீட்டிய கையை மடக்க அதற்கு வலியில்லை.

ஈண்டு ஒரு தவறான கருத்தையும் விலக்குதல் வேண்டும். நெகிழி அழியாப் பொருள், ஆதலின் இறைவனது ஒடுக்கத் தொழிலுக்கும் அடங்காதது என்று சிலர் மேடைகளில் வியப்புத் தோன்றப் பேசுகின்றனர். அது சித்தாந்தமன்று. மாயையினின்றும் தோன்றியதெதுவும் மாயையில் ஒடுங்கும். நெகிழிக்கு மாத்திரம் விலக்கில்லை. 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆய்வுக்கூடமொன்றில் எதிர்பாராது தோன்றிய பாலிதீன் என்னும் பொருளும் நிலம் முதலிய பூதங்களின் காரியமே. மெய்ம்மை யாதெனின், வாழையிலை ஒரு கார்காலத்தில் மண்ணாவதுபோல் அது மனிதர் காலவளவில் மண்ணாவதில்லை. வெயிலிலும் மழையிலும் நொறுங்கித் துகளாகின்றது; துகள் பின்னும் நுண்டுகளாகின்றது. மனிதர் குருதியிலும் அந்நுண்டுகள் உளதென்று 2022-ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டனர். ஒடுக்கம் என்பது இளைத்த உயிர்கட்கு இளைப்பாற்றுதல் என்பர் ஆசிரியர். பயன்முடிந்த பொருளை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தல் அவ்வருளுக்கு இசைய ஒழுகுதலாம். எறிந்த பின்னரும் பிற உயிர்களை இளைக்கச் செய்யும் பொருளைக் கணநேர வசதிக்காகக் கொள்ளுதல் இசையாமையாம். இவ்வளவே கொள்ளத்தக்கது.

இனிச் சைவர்க்கு மிக நெருங்கியதொன்று உளது, அது திருநீறு. கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் எனத் திருநீறு நால்வகைப்படும். அவற்றுட் கற்பமாவது கன்றோடு கூடிய நோயற்ற பசுவின் சாணத்தைப் பூமியில் விழாமுன்னே தாமரையிலையில் ஏற்று, மந்திரத்தோடு உருண்டையாக்கிச் சிவாக்கினியில் நீற்றி எடுப்பது. அநுகற்பம் காட்டில் உலர்ந்து கிடக்கும் சாணத்தைக் கொண்டு ஆவது. நோயுற்ற பசுவும், அசுத்தத்தைத் தின்னும் பசுவும் கற்பத்திற்கு ஆகாவென விலக்கப்பட்டன. இவ்விதிகளை வகுத்த ஆன்றோர் நெகிழியை அறியார். ஆயினும் பசுவின் வாயிற் புகுவது யாதென்று நோக்கும்படி விதித்தனர். இன்று ஊர்த்தெருவில் திரியும் பசுக்களுள் அவ்விதிக்குத் தகுவன எத்துணை? வயிற்றில் நெகிழியைச் சுமந்து, அதன் துணுக்குகள் சிறிது சாணத்தோடு போதரவும் நிற்கும் பசுவின் சாணத்தைக் கொண்டு ஆக்கியது நெற்றியில் ஏறுமாயின், எறிந்தவர் பையே அவர் நெற்றிக்கு மீண்டதாகும். திருநீற்றின் பெருமையைப் பேசும் கூட்டங்களில் இச்செய்தி பேசப்படுதல் அரிதாயிருக்கின்றது, பேசப்படுதல் வேண்டும்.

காட்டுச் சாணமாவது தூயதன்றோ எனின், அதுவும் ஐயத்திற்கு இடமாயிற்று. கோயம்புத்தூரை அடுத்த மருதமலையின் அடிவாரத்தில் 2022-ஆம் ஆண்டில் யானையின் இலண்டத்தில் நெகிழி உறைகள் காணப்பட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர்க்கு மேற்கே உள்ள மலைகளும் யானை வழங்கும் மலைகளே. நரை அணில்களின் பொருட்டு 1988-ஆம் ஆண்டில் காப்பிடமாக்கப்பட்ட அக்காடு, 2021-ஆம் ஆண்டில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சுந்தரமகாலிங்கம் எழுந்தருளியிருக்கும் சதுரகிரியும் அதனகத்தது. ஆடி அமாவாசையில் தாணிப்பாறை வழியாக ஏறும் அடியார் தொகையை எண்ணிப் பார்ப்பார்க்கு, ஒருவர்க்கு ஒரு பையென்றாலும் மலை எதனைச் சுமக்கும் என்பது விளங்கும். மலையையே சிவமாகக் கண்டு ஏறுவோர் அதன்மேல் எறிந்து வருவது எதனை?

பசுவின்பொருட்டுச் சைவப் பெரியார் ஒழுகிய ஒழுக்கம் இவ்விடத்து நோக்கத்தக்கது. சேய்ஞலூரில் விசாரசருமர் ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடித்ததைக் கண்டார். அவனை வெகுண்டு ஊரார்முன் நிறுத்தி அமைந்தாரல்லர். கோலைத் தாமே வாங்கி ஆநிரை மேய்க்கப் புகுந்தார். சண்டேசுரப் பதம் அம்மேய்ச்சற்புறத்தில் தொடங்கியது. திருமூலரோ, மேய்ப்பவனை இழந்து சுற்றிநின்று கதறிய பசுக்களின் துயர் காணப்பொறாது மூலன் உடலிற் புகுந்தார். திருமந்திரம் உலகிற்குக் கிடைத்தது பசுக்கள்மேல் வைத்த இரக்கத்தின் வழியாகவே. இறைவனுக்கு இடும் பச்சிலையோடு பசுவிற்குக் கொடுக்கும் வாயளவு இரையையும் அந்நூல் ஒருங்கு வைத்து எண்ணுகின்றது.

சரியையாவது திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், பூக்கொய்தல் முதலியன. அப்பர் சுவாமிகள் உழவாரப்படை ஏந்தியதை நினைந்து இன்று பல ஊர்களில் அன்பர்கள் உழவாரத் திருப்பணி செய்கின்றனர். அவர்கள் மதிற்புறத்தினின்றும் மூட்டை மூட்டையாக வாருவது புல்லும் பூண்டும் மாத்திரம் அன்று, நெகிழியும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அதனை வாரி, திங்கட்கிழமை கடையில் அதனையே கைநீட்டி வாங்கினால், திருப்பணி முடிவின்றித் தொடரும் என்னும் ஓர் ஆறுதல் உண்டு போலும்! வாருதல் சரியையாயின், வாரவேண்டாதபடி வாங்காதிருத்தலும் சரியையே. துணிப்பை எடுத்துச் செல்லுதல் அத்துணைச் சிறுசெயலாதலின் அதனைச் சிவபுண்ணியத்தோடு சேர்த்தெண்ண நாணுவர் சிலர். அலகிடுதல் அதனினும் பெரிதோ?

நாணம் என்றதனால் ஒன்று கூறல் வேண்டும். துணிப்பை வழக்கொழிந்ததற்கு விலை மாத்திரம் காரணமன்று. திருமண வீட்டிலே தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சட்பையைக் கையிற் கொண்டு நகர்க்குள் நுழைவோனை நாட்டுப்புறத்தான் என்று நகைத்தது ஒரு தலைமுறை. திரைப்படங்களும் அந்நகைப்பை வளர்த்தன. அந்நகைப்புக்கு அஞ்சியே பை வீட்டில் தங்கிவிட்டது. நகைப்பார் நகைக்கத் திருநீறும் கண்டிகையும் அணிந்து அலுவலகம் செல்லத் துணிந்தவர்க்கு இது பெரிய துணிவன்று.

துணிப்பை என்றவளவில் குற்றம் முழுதும் நீங்கிற்றென்று எண்ணலும் ஆகாது. பருத்தி விளைத்தற்கு நீரும் உரமும், நெய்தற்கு ஆற்றலும் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, புவிவெப்பத்தை மிகுவிக்கும் அளவில் ஒரு பருத்திப் பை மெல்லிய நெகிழிப் பையோடு ஒப்பாதற்கு 131 முறை பயன்பட வேண்டும் எனக் கணக்கிட்டது. ஆகவே விழாத்தோறும் பெயர் பொறித்துப் புதுப்பை வழங்கி, அவை அலமாரியிற் குவியவிடுவது அறமாகாது. ஒரு பை பல்லாண்டு வழங்கப்படல் வேண்டும். இராஜபாளையம் பஞ்சும் நூலும் பெருகிய ஊர். அடுத்துள்ள சத்திரப்பட்டியில் மருத்துவத்திற்குரிய கட்டுத்துணி நெய்யப்படுகின்றது. பழைய வேட்டியில் இரண்டு பை தைத்துக்கொள்ள இங்கே எவர்க்கும் அரிதன்று. எண்ணெய்க்கும் மாவிற்கும் தூக்குப்பாத்திரம் கொண்டு செல்வது பாட்டிமார் வழக்கு. தென்மாவட்டங்களில் ஓலைக்கொட்டானும் நார்ப்பெட்டியும் முற்றும் மறையவில்லை.

கடைக்காரரைப் பற்றி ஒரு சொல். திருக்கோயில் வாயிலில் பூ விற்கும் மூதாட்டி நாளொன்றுக்குப் பெறும் ஊதியம் சிறிது. வாழையிலைக்கு அவள் தனியே காசு கொடுக்க வேண்டும். பையோ அதனினும் மலிவு. பையில்லையென்றால் அடுத்த கடைக்குச் செல்வோரே மிகுதி. அவளை முதற்கண் கடிந்துகொள்வார், வலியாரை விட்டு எளியாரைத் திருத்த முற்படுவாராவர். வாங்க வருவோர் பத்துப்பேர் தொடர்ந்து கூடையை நீட்டினால் பதினொன்றாமவர்க்கும் அவள் பை எடுக்க மறப்பாள். பூவை வாழையிலையிற் பொதிந்து நாராற் கட்டித் தருமாறு கேட்டு, இலைக்குரிய காசையும் சேர்த்துக் கொடுப்பது நன்று.

பை கொண்டுவர மறந்தால் என்செய்வது என்று கேட்போர் உளர், நேர்மையான வினாவே. ஒன்றிரண்டு பொருள்களைக் கையிலேயே கொண்டு செல்லலாம். மகளிர் முந்தானையில் முடிந்துகொள்ளும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஆடவர்க்கோ தோளிலே துண்டு உளது. திருக்கோயிலுள் அதனை எடுத்து இடையிற் கட்டுதல் முறையாதலால், வாயிலில் வாங்கிய வில்வத்தை அதன் ஒருமுனையில் முடிந்து கட்டிக்கொண்டு உள்ளே செல்லலாம். திருமுன்னர் முடிச்சை அவிழ்த்து வில்வத்தைத் தட்டிலே இட்டபின் துண்டு மீண்டும் இடையிலேயே இருக்கும்.